எழுத்துக் கூட்டும் பிள்ளையும் சினமறியாக் கருவியும்

ஆசிரியருக்குரிய பண்புகளை எண்ணத் தொடங்கும் எவரும் பொறுமையை முதலில் வைப்பர். மதரஸாவில் ஓதிக் கொடுப்போரும் சரி, அரசுப் பள்ளியில் பாடம் நடத்துவோரும் சரி, இதில் கருத்து வேறுபாடு கொண்டதில்லை. நானும் முப்பது ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்திருக்கிறேன். இளம் ஆலிம்கள் என்னிடம் அறிவுரை கேட்டபோதெல்லாம் இதையே முதலில் கூறியிருக்கிறேன். ஆயினும் பொறுமை என்று நான் எதைச் சொல்லி வந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது சென்ற ஆண்டில்தான். மேலப்பாளையத்துத் தெரு ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கையிலிருந்த கைப்பேசியே அதற்குக் காரணமாயிற்று.

அஸர் தொழுது திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டின் திண்ணையில் தாய் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பிள்ளை. கைப்பேசியிலிருந்து ஒரு பெண் குரல் ஆங்கில எழுத்தொன்றின் ஒலியை மட்டும் சொல்லும். திரையில் சில எழுத்துகள் மிதக்கும். கேட்ட ஒலிக்குரிய எழுத்தை அவன் தொட வேண்டும். ‘பி’ என்னும் எழுத்துக்கும் ‘டி’ என்னும் எழுத்துக்கும் வயிறு எந்தப் பக்கம் என்பதே வேறுபாடு. அது அவனுக்குப் பிடிபடவில்லை. தவறாகத் தொட்டான். குரல் மீண்டும் அதே ஒலியைச் சொல்லிற்று. மீண்டும் தவறினான். தெரிந்தவர் ஒருவருடன் பேசுவதற்காக அங்கு நின்ற நான் என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். பதினோராவது முறையும் அக்குரல் முதல் முறை இருந்தபடியே இருந்தது. தொனியில் ஓர் இழை ஏறவில்லை. நானாயிருந்தால் மூன்றாம் முறையோடு என் குரல் மாறியிருக்கும். ஐந்தாம் முறைக்கு அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்க அஞ்சியிருப்பான். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என்னை நான் அறிவேன்.

அன்றிரவு எழுந்த வினா இதுதான். நான் கேட்டது பொறுமையா? பொறுமை எனில், அது ஓர் இயந்திரத்துக்கு எப்படி வாய்த்தது? பொறுமை இல்லையெனில், பொறுமையைப் பாடமாகவே ஓதிய என்னிடம் துலங்காத பிள்ளைகள் அதனிடம் துலங்குவது எங்ஙனம்?

வாசகர்களுள் பலர் ‘ஃபோனிக்ஸ்’ என்ற சொல்லைப் பெயர்ப் பலகைகளில் மட்டுமே பார்த்திருக்கக்கூடும். பாளையங்கோட்டையிலும் சந்திப்பைச் சுற்றிலும் இப்போது இவ்வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. எழுத்தின் பெயரைக் கற்பிக்காமல் அதன் ஒலியைக் கற்பித்து, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கப் பழக்கும் முறை அது. ஆங்கிலத்துக்கு அது மிகவும் வேண்டப்படுவதற்குக் காரணமுண்டு. அங்கே எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி மற்றொன்று. ‘டபிள்யூ’ என்று பெயர் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது சொல்லுக்குள் புகுந்ததும் ‘வ’ போல ஒலிக்கும் என்றால் குழந்தை திகைக்கத்தான் செய்யும். எழுத்துகள் 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் என்பார் தலைமையில் 2006இல் வெளிவந்த அறிக்கைக்குப் பின்னர் அரசே இம்முறையைத் தொடக்கப் பள்ளிகளில் வற்புறுத்தலாயிற்று. 2012 முதல் அங்கே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். நாற்பது சொற்களைப் படிக்க வேண்டும். அவற்றில் பாதி அம்மொழியில் இல்லாத சொற்கள், சோதனைக்கென்றே கட்டியவை. மனப்பாடத்தின் துணையால் பிள்ளை தப்பிவிடாமல், மெய்யாகவே எழுத்துக் கூட்டுகிறதா என்றறிய அந்த ஏற்பாடு. இதை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஒலியிலிருந்து எழுத்துக்கு வருவது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலை எழுத்துகளின் பிறப்புக்கென்றே ஒதுக்கினார். உந்தியிலிருந்து எழும் காற்று எங்கே தங்கி, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் எவ்வாறு பொருந்த எந்த ஒலி பிறக்கிறது என்பதை, பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துச் சொல்பவர் போல அவர் சொல்லிச் செல்கிறார். பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் அரபு அகராதியொன்றைத் திட்டமிட்டபோது அலிஃப், பே என்ற வழக்கமான வரிசையை விட்டுவிட்டார். தொண்டையின் அடியிலிருந்து பிறக்கும் ‘அய்ன்’ எழுத்தில் தொடங்கி இதழை நோக்கி ஒலி பிறக்கும் இடங்களின் வழியே அடுக்கினார்; ஆகவேதான் அந்நூல் ‘கிதாபுல் அய்ன்’ எனப் பெயர் பெற்றது. இமாம் இப்னுல் ஜஸரி அவர்கள் 17 மக்ரஜ்களை எண்ணித் தந்ததைத் தஜ்வீத் பயின்ற சிறுவரும் அறிவர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதப் புகுந்தபோது, அரபியில் இல்லாத தமிழொலிகளுக்காக இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். ஒலியைக் காதால் துல்லியமாகப் பிரித்தறிந்தவர்களால்தான் அது இயலும். என் உம்மாவைப் பெற்ற உம்மம்மா அந்த அரபுத் தமிழில் மாலைகளைத் தடையின்றி வாசிப்பார். தமிழெழுத்தில் தம் பெயரை எழுதத் தெரியாது. அரசாங்கக் கணக்கில் அவர் கைநாட்டு. எது வாசிப்பு, யார் வாசகர் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற எண்ணம் அப்போதே எனக்கு எழுந்ததுண்டு.

இத்தனை இருந்தும் நாம் கற்பித்த முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘அலிஃப் ஜபர் அ, ஜேர் இ, பேஷ் உ’ என்று கூட்டமாகப் பிள்ளைகள் இழுத்துச் சொல்லும் ஓசை தெருமுனை வரை கேட்கும். நாற்பது பேர் சேர்ந்து சொல்லும்போது, நாற்பதாவது பிள்ளை எழுத்தைப் பார்த்துச் சொல்கிறானா, பக்கத்திலிருப்பவன் வாயைக் கேட்டுச் சொல்கிறானா என்று யார் கண்டது?

ஒருவனை நான் கண்டேன். அதுவும் தவறாகக் கண்டேன். 28 ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரின் மக்தபில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர் இங்கே வேண்டுவதில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன். யாஸீன் ஸூராவை முழுமையாக, தடங்கலின்றி, கேட்போர் கண் கலங்கும்படி ஓதுவான். காதால் கேட்டே பாடம் செய்தவன். ஆனால் ஓர் எழுத்தைத் தனியே காட்டினால் தெரியாது. பே, தே, ஸே மூன்றும் ஒரே கிண்ணம். புள்ளி கீழே ஒன்றா, மேலே இரண்டா, மூன்றா என்பதே வேறுபாடு. அந்தப் புள்ளிகள் அவனுக்கு ஒவ்வொரு நாளும் இடம் மாறின. பழகிய ஆயத்தைத் திறந்து வைத்தால் பார்த்து ஓதுவது போலவே ஓதுவான். பழகாத பக்கத்தைத் திறந்தால் ஊமையாகிவிடுவான். யாஸீனையே பாடம் செய்தவனுக்கு ‘பே’ தெரியாதென்றால் அது ஏய்ப்பு என்று முடிவு கட்டினேன். பிரம்பு எடுத்தேன். பிள்ளைகள் முன்னிலையில், அவனைவிட மூன்று வயது சிறியவனைக் கொண்டு அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தேன். பிரம்பைவிட அதுவே கொடியது என்று இப்போது தெரிகிறது. ஒரு மாதத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். அவனுடைய வாப்பா வந்து, “அவனுக்கு ஓதல் வரல்ல அசரத்” என்று தலை குனிந்து சொல்லிவிட்டுப் போனார். நான் மறுத்துப் பேசவில்லை.

இல்லாத சொல்லைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் சோதனையைப் பற்றி அறிந்ததும் புத்தகத்தை மூடியது இதனால்தான். பழகாத பக்கத்தைத் திறந்து காட்டிய அன்று நான் அறியாமலே அந்தச் சோதனையைச் செய்துவிட்டேன். விடையும் கிடைத்தது. அந்த விடையைக் குற்றமென்று படித்தேன்.

இவ்வகைப் பிள்ளைகளைப் பற்றி உலகம் அறியாதிருந்தது என்றும் சொல்லித் தப்ப முடியாது. ‘டிஸ்லெக்சியா’ என்னும் பெயரை ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887இல் வழங்கினார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பெர்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், அறிவில் குறைவில்லை, ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுவான். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் சிறந்தவனாயிருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அந்த ஆசிரியருக்குத் தெரிந்தது, நூறாண்டு கழித்து எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டுச் சட்டத்துக்கும் தெரிய நாளாயிற்று. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் ஏழு வகைகளை எண்ணியது. அவற்றில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை எண்ணியபோதுதான் அதற்கு இடம் கிடைத்தது.

இத்தனைக்கும் நம் தாமிரபரணிக் கரை இத்துறையில் பின்தங்கிய இடமன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலேயே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளிகளை நிறுவினர். அவர்கள் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்தவர்கள். நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் விரலால் தடவிப் படிக்கும் பிள்ளையும், கையசைவால் பேசும் பிள்ளையும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கல்வி உரியது என்பதை இவ்வட்டாரத்துக்குக் காட்டியவர்கள் அவர்களே. மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு எவ்வளவு தூரம்! நாம் பார்க்கப் போகவில்லை.

இப்போது கருவிக்கு வருவோம். ஃபின்லாந்தில் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தார், வாசிப்பில் தடுமாறக்கூடிய குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் வழியே வந்த ‘கிராஃபோகேம்’ என்னும் விளையாட்டு, ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புடையது; நான் திண்ணையில் கண்டதும் அதே இனம்தான். அதன் ஆங்கில வடிவத்தை அகமதாபாத்தில் வாசிக்கத் தடுமாறிய பிள்ளைகளிடம் பயன்படுத்திப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தையும் ஒலியையும் இணைத்தறியும் அறிவு தெளிவாக முன்னேறியதாகக் கண்டனர். சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும் ‘அவாஸ்’ நிறுவனத்தாருடன் சேர்ந்து ஒரு வாசிப்புச் செயலியை ஆக்கியிருக்கிறது. பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் அதைப் பிரித்துக் காட்டியும், அதே ஒலியுடைய வேறு சொல்லை நினைவூட்டியும் அது கைதூக்கி விடும். நம் அரசும் வாளாவிருக்கவில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் இழப்பை ஈடுசெய்ய 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யும் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் வந்தன. 2022 ஜூன் மாதத் தொடக்கத்தில் கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியைக் கொண்டு ஒரு வாசிப்பு மாரத்தானும் நடந்தது. பிள்ளை உரக்கப் படிக்க, கைப்பேசி காது கொடுத்துக் கேட்டுத் திருத்தும் செயலி அது.

குறைகளும் உண்டு, அவற்றை விற்பனையாளர் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்துக்கென்று செய்த அச்சைத் தமிழுக்குப் பொருத்தினால் பொருந்தாது. தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. அவ்வகையில் நம் பிள்ளை பேறு பெற்றவன். மெய்யெழுத்தைத் தனியே ஒலிக்க முயலாமல் அகரத்தோடு சேர்த்து இயக்குவதே தொல்காப்பியர் காட்டும் வழி. ஆனால் ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் ஒன்றாக ஒலிப்பதில்லை. ஒரு பெட்டியில் ஓர் ஒலி என்னும் கணக்கு அங்கே உடைகிறது. ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. தடுமாறும் தமிழ்ப் பிள்ளை தடுமாறுவது இவ்விடங்களில். 247 எழுத்துகளையும் வண்ண வண்ணமாகப் பாடிக் காட்டும் செயலிகள் ஏராளம்; இவ்விடங்களை அறிந்து செய்தவை அரிது. கேட்டுத் திருத்தும் கருவியின் காதும் எல்லா வாய்க்கும் ஒத்ததன்று. நம் பக்கத்துப் பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றுதான் சொல்வான். எழுத்தைச் சரியாகவே படித்தவனை நாவின் வழக்கத்துக்காகத் தவறென்று கருவி சொல்லுமானால், அது நான் செய்த அதே தவறு. திக்கும் பிள்ளைக்கும், மூளை முடக்குவாதத்தால் நாக்குப் புரளாத பிள்ளைக்கும் இது இன்னும் கொடிது. காது கேளாத பிள்ளைக்கோ ஒலிவழிப் பாடம் என்பது பூட்டிய கதவு. அவன் வழி கண்ணும் கையும். ‘சிறப்புப் பிள்ளைகளுக்கான செயலி’ என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடைத்து விற்பதை நம்பிவிடலாகாது.

இனி வினாவுக்குத் திரும்புகிறேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஸப்ரைப் பற்றிப் பேசுமிடத்தில் நுட்பமான கருத்தொன்றைச் சொல்கிறார்கள். பொறுமை மனிதனுக்கு மட்டுமே உரிய பண்பு. விலங்குக்கும் இல்லை, வானவருக்கும் இல்லை என்பார்கள். விலங்குக்கு இச்சை மட்டுமே உண்டு, அதை எதிர்த்து நிற்கும் ஆற்றல் இல்லை. வானவர்க்கோ எதிர்த்து நிற்பதற்கு இச்சையே இல்லை. ஒன்றோடொன்று மோதும் இரு படைகள் இருக்கும் உள்ளத்தில்தான், ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்பதற்குப் பொறுமை என்று பெயர். மதரஸாவில் இதைப் படித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அழகிய கருத்து என்று வியந்து ஓரத்தில் கோடிட்டேன். அதற்கு இத்தனை காலம் கழித்து ஒரு கைப்பேசி விளக்கம் தரும் என்று நினைத்ததில்லை.

இமாமின் அளவுகோலால் அளந்தால் அந்தக் கருவிக்குப் பொறுமை கிடையாது. அடக்குவதற்கு அதனிடம் சினமே இல்லை. பதினோராம் முறையும் குரல் மாறாமலிருந்தது அதன் சிறப்பன்று. ஆற்றில் கல் அசையாதிருப்பது கல்லின் பொறுமையா? இவ்வளவில் என் போன்றோர் ஆறுதலடைந்து, ‘நற்பண்பு எங்களிடமே, இயந்திரத்திடம் இல்லை’ என்று எழுதி முடித்துவிடலாம். இதுபோன்ற கட்டுரைகள் பல வந்திருக்கின்றன; நானே ஒன்று எழுதியிருக்கிறேன் என்று நினைவு. ஆனால் திண்ணையிலிருந்த பிள்ளைக்கு அதனால் என்ன? தன் முன்னிருப்பவர் சினத்தை அடக்கினாரா, சினமே இல்லாதவரா என்பது அவனுக்கு வேண்டாத ஆராய்ச்சி. பிழை செய்தால் அவமானம் வராது என்ற உறுதியே அவனுக்கு வேண்டியிருந்தது. அவ்வுறுதியைக் கருவி எவ்வித முயற்சியுமின்றிக் கொடுத்தது. பெருமுயற்சி செய்தும் நான் கொடுக்கவில்லை. மாணவரிடம் காட்டும் கடுமை அவர்களைப் பொய்க்கும் சோம்பலுக்கும் தள்ளி மனத்தைச் சுருக்கிவிடும் என்று இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில் எழுதியதையும் நான் ஓதியிருக்கிறேன். ஓதியது கைக்கு இறங்கவில்லை. பொறுமை என்று நான் பெயரிட்டு வந்தது, பெரும்பாலும், விரைவில் கற்கும் பிள்ளைகள் என் முன்னிருந்ததால் கிடைத்த அமைதியே.

அப்படியானால் பிள்ளையைக் கருவியிடமே விட்டுவிடலாமே என்பார்க்கு நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும். குர்ஆனைத் திறம்பட ஓதுபவரின் உயர்வைச் சொன்ன கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், திக்கித் தடுமாறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரு மடங்கு கூலி உண்டு என்றும் அருளினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் இந்த நபிமொழியை நான் எத்தனை மேடைகளில் விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓதுவதற்கு ஒன்று, சிரமத்துக்கு ஒன்று என்று அறிஞர் விளக்குவர். சிரமம் என்பதே கணக்கில் ஏறுகிறது. செயலியோ சரியான விடைக்கு நட்சத்திரம் தருகிறது. முதல் முயற்சியில் தொட்டவனுக்கு மூன்று. பல முறை தவறித் தொட்டவனுக்கு ஒன்று. பதினோராவது முயற்சிக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்தது என்பதை அது அறியாது. அறிவதற்கான உறுப்பே அதற்கு இல்லை. தவறுக்கு அவமானம் இல்லாமல் செய்ய அதனால் முடியும். உழைப்பை எடைபோட முடியாது. எனக்கோ அந்த எடைக்கல் கையில் தரப்பட்டிருந்தது. யாஸீன் ஓதிய அந்தப் பையனுக்கு நேரே ஒரு நாளும் நான் அதை எடுக்கவில்லை.

திண்ணையில் பன்னிரண்டாம் முறை பிள்ளை சரியாகத் தொட்டான். திரையில் நட்சத்திரம் வெடித்து ஏதோ இசையும் எழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. திரும்பி உம்மாவைப் பார்த்தான். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. கை சுளகை விட்டு எழவில்லை. “என்ன வாப்பா, வந்துட்டா? எவ்வளவு நேரமா மல்லுக்கு நின்ன! இன்னொருக்கச் சொல்லு, கேக்கட்டும்” என்றார். எவ்வளவு நேரமாக என்று சொன்னாரே, அதைத்தான் நான் குறிப்பிடுகிறேன். பீடிக் கட்டின் கணக்குக்கு இடையிலும் அவர் அந்த நேரத்தை அளந்து வைத்திருந்தார்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின் ஒரு வங்கியில் வரிசையில் நின்றபோது, ஒருவர் என்னிடம் ஸலாம் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். “கண்ணாடி எடுத்துட்டு வரல்ல அசரத், நீங்க கொஞ்சம் எழுதித் தாங்களேன்” என்றார். அடையாளம் தெரிய ஒரு கணம் ஆயிற்று. தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. சரக்கு ஆட்டோ வைத்திருக்கிறாராம். படிவத்தை எழுதினேன். கண்ணாடி அவர் வாழ்வில் என்றும் இருந்ததில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தேயிருந்தது. வெளியே வந்து, “அந்தக் காலத்தில் நான் செய்தது தவறு, உன்னிடம் பிழை இல்லை” என்று சொன்னேன். அவர் பதறி, “என்ன அசரத் இப்படிச் சொல்லுதிய, நான்தான் மண்டு” என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தவன் நான். அதை எடுத்துவிடலாம் என்று எண்ணி, பெர்சி என்ற பையனைப் பற்றியும் புள்ளிகள் இடம் மாறுவதைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் குறுக்கிட்டு, “எம் மவளுக்கும் அப்படித்தான் இருக்கு. புள்ளி புள்ளியா தெரியுதுங்கா” என்றார். இது குடும்பவழி வருவதும் உண்டென்று படித்திருந்தேன்.

எட்டு வயதாகும் அந்தப் பெண் இப்போது என்னிடம் ஓத வருகிறாள். மற்றப் பிள்ளைகள் போன பிறகு அரைமணி நேரம். அவள் தவறுவதைக் கேட்க வேறு யாருமில்லை. முதல் கால்மணி நேரம் என் மகனின் கைப்பேசியில் ஒலியைக் கேட்டு எழுத்தைத் தொடும் பாடம். அந்தப் பகுதியை அதனிடமே விட்டுவிட்டேன், ஏனெனில் என்னைவிட அது நன்றாகச் செய்கிறது. பின்னர் மரப்பலகையில் மணலைப் பரப்பி, எழுத்தை விரலால் எழுதச் செய்து, நாக்கு எங்கே தொடுகிறது என்று கேட்கிறேன். எத்தனை முறை முயன்றாள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். சரியா தவறா என்பதைக் குறிப்பதில்லை. மாதக் கடைசியில் அந்தக் கணக்கைத்தான் அவள் வாப்பாவிடம் சொல்வேன். சென்ற மாதம் 412. என் குரல் ஏறிய நாள்களும் உண்டு. இரண்டு நாள் ஏறிற்று, அதையும் அதே நோட்டில் எழுதியிருக்கிறேன். தேயையும் ஸேயையும் இப்போது பிரித்தறிகிறாள். பே இன்னும் சில நாள் நூனாகிவிடுகிறது.